வகுப்பில் ஆண்கள் நான்கே பேர், இந்தப் படிப்பு சோறு போடுமா?

கேள்வி: எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் ஆண்கள் நான்கு பேர்தான். "பொம்பளப் புள்ளைங்க படிக்கிறதைப் படிச்சு எப்படிக் குடும்பம் நடத்துவ?" என்கிறார் அப்பா. இன்டர்ன்ஷிப் கேட்டுப் போன பள்ளியில் பெண் கவுன்சலர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு நிறுவனத்தில் எச்.ஆர். வேலை வருகிறது. போய்விடட்டுமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தம்பி, பணம் உடனே வேண்டுமென்றால் போங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கவுன்சலருக்குத் தொடக்கச் சம்பளம் குறைவு என்று அப்பா பயப்படுவது நியாயம்தான். ஆனால் 'ஆண் என்பதால் இங்கே இடமில்லை' என்று நினைத்துக் கிளம்புகிறீர்கள் என்றால், கணக்கு தப்பு.

2022-ல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதில் நூற்றுக்கு சுமார் 72 பேர் ஆண்கள். இவர்கள் தானாக கவுன்சலிங் அறைக்கு வருகிற ஆட்கள் இல்லை, தூக்கம் வரவில்லை, பி.பி., டென்ஷன் என்று வேறு டாக்டரிடம் போவார்கள், இல்லாவிட்டால் குடி முற்றியபின் மனைவியோ அம்மாவோ இழுத்துக்கொண்டு வருவார்கள். அதனால் பள்ளிக்கூடத்து வாசலிலேயே நிற்காதீர்கள். குடிபோதை மறுவாழ்வு மையங்கள், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்கள், கல்லூரி விடுதிகள், அரசின் 14416 (டெலி-மானஸ்) மாதிரியான தொலைபேசி மனநல ஆலோசனை, இங்கெல்லாம் கேட்டுப் பாருங்கள். ஆண் என்பதற்காகவே எல்லா ஆணும் உங்களிடம் மனம் திறந்துவிடுவான் என்றும் எண்ண வேண்டாம். இன்னொரு ஆண் முன்னால் அழக் கூச்சப்பட்டு, பெண் கவுன்சலரைக் கேட்பவர்கள் நிறையப் பேர்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர், நர்ஸ், தொடக்கப்பள்ளி ஆசிரியர், நூலகர், சமூகப் பணியாளர் வேலைகளில் இருக்கும் ஆண்களை ஆராய்ந்து 1992-ல் எழுதினார்: அவர்களை யாரும் கீழே தள்ளவில்லை, சிலரை அவர்களுக்கு விருப்பமே இல்லாமல் நிர்வாகப் பதவிக்கு மேலே தள்ளிவிடுகிறார்கள். நம் ஊரிலும் "ஆம்பள ஆளு, அலைவார், கலெக்டர் ஆபீஸ் போய் வருவார்" என்று சொல்லி இரண்டாவது வருஷமே உங்களை ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிடுவார்கள். சம்பளம் கொஞ்சம் ஏறும், வீட்டிலும் சந்தோஷம். ஆனால் எதிரே ஒரு மனிதரை உட்கார வைத்துப் பேசிய மணி நேரம் உங்கள் கணக்கில் ஏறாது, பிற்பாடு சொந்தமாக கவுன்சலிங் அறை வைத்து உட்கார நினைக்கும்போது கையில் தொழில் இருக்காது. பதவி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வாரத்தில் சில கேஸ்கள் என் கையில்தான் இருக்கும் என்று முதலிலேயே பேசி வைத்துவிட்டு. மூத்த கவுன்சலர் ஒருவரிடம் மாதாமாதம் சூப்பர்விஷனும், அதாவது பார்த்த கேஸ்களைச் சொல்லி வழிகாட்டல் கேட்பதையும், விடாதீர்கள். பெண் கிளையண்ட்களைப் பார்க்கும்போது வரும் தயக்கங்களை மனசுக்குள் பூட்டி வைக்காமல் கொட்ட வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம், இந்தப் பட்டத்தை வைத்து 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் வேண்டும். சீனியர்கள் எம்.பில். என்பார்கள், அதில் சேர்க்கையை பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025-26 வரைதான் நீட்டித்தது. இப்போது எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று கவுன்சிலின் பட்டியலைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

கேள்வி: மகன் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் சைக்காலஜி படிக்க ஆசைப்படுகிறான். சேர்க்கலாமா?
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: முடியாதும்மா. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. இன்னும் 'சீட் இருக்கு' என்று யாராவது போன் செய்தால் பணம் அனுப்பாதீர்கள். நேரடி வகுப்புதான், மாலைக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.