சிஸ்டர்கிட்ட கேளுங்க: ஒரே வருஷத்துல நர்ஸ் ஆக முடியுமா?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். நாங்க எஸ்டேட் லைன்ல இருக்கோம். பொண்ணு ப்ளஸ் டூ காமர்ஸ் குரூப் முடிச்சிருக்கா, நர்ஸ் ஆகணும்னு சின்ன வயசுல இருந்தே ஆசை. ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஒரே வருஷத்துல நர்சிங் டிப்ளமோ, முடிச்ச உடனே வேலைன்னு சொல்றாங்க. அட்வான்ஸா இருபதாயிரம் கேக்குறாங்க, கட்டிடலாமா?
– தேயிலைத் தோட்டத் தொழிலாளி, கூடலூர்

பதில்: கட்டாதீங்கண்ணே. ஒரே வருஷத்துல படிச்சு ரிஜிஸ்டர்ட் நர்ஸ் ஆகுற படிப்பு நம்ம நாட்டுல கிடையவே கிடையாது. துணை நர்ஸ் படிப்பான ஏஎன்எம்னா 2 வருஷம், நர்சிங் டிப்ளமோவான ஜிஎன்எம் 3 வருஷம், டிகிரியான பி.எஸ்சி நர்சிங் 4 வருஷம். இதுல ஒண்ணை அங்கீகாரம் உள்ள இடத்துல முடிச்சாதான் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில்ல பதிவு பண்ணி நம்பர் தருவாங்க, அந்த நம்பர்தான் எல்லாமே. நம்பர் இல்லைன்னா எம்ஆர்பிங்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துற அரசு நர்ஸ் தேர்வுக்கு அப்ளிகேஷன்கூட போட முடியாது, வெளிநாடும் போக முடியாது. கடைசில ஏதாவது கிளினிக்ல சொற்ப சம்பளத்துக்கு வெள்ளை கோட்டு போட்டு நிக்க வெச்சு, சரியா சொல்லித்தராத ஊசியை எல்லாம் போடச் சொல்வாங்க, ஏதாவது ஆச்சுன்னா மாட்டுறது அந்தப் பொண்ணுதான். இப்படி ஏமாந்த பிள்ளைங்களை கூடலூர் பந்தலூர் பக்கம் நிறைய பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரியுது. நகையை அடகு வெச்சு கட்டின பணம்ணே அது.

பொண்ணு காமர்ஸ் படிச்சிருக்கா, அதனால பி.எஸ்சி நர்சிங் கிடைக்காது, அதுக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி இங்கிலீஷ்ல 45 சதவீதம் வேணும். ஆனா கதவு மூடலை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்த குரூப் எடுத்தவங்களும் ஜிஎன்எம், ஏஎன்எம் படிக்கலாம், ஜிஎன்எம்முக்கு 40 சதவீதம் இருக்கணும், சயின்ஸ் படிச்சவங்களுக்கு முன்னுரிமை உண்டு. சேரப்போற இடத்தோட இந்த வருஷ பிராஸ்பெக்டஸை வாங்கி ஒரு வரி விடாம படிங்க. ஜிஎன்எம் முடிச்சு பதிவு பண்ணிட்டா அப்புறம் 2 வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படிச்சு டிகிரியும் வாங்கிக்கலாம். பொண்ணு ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுன்ட்டுக்கே வரும், அதையும் கேட்டு வாங்குங்க.

எங்க சேர்த்தாலும் ரெண்டு விஷயம் பாத்துட்டு சேருங்க. இந்திய நர்சிங் கவுன்சில் வெப்சைட்ல அங்கீகாரம் இருக்கிற காலேஜ் லிஸ்ட் போட்டிருக்கும், பொண்ணையே போன்ல தேடச் சொல்லுங்க. அப்புறம் அவங்க காட்டுற ஆஸ்பத்திரிக்கு நேரா ஒரு நாள் போய் வார்டுல பெட்ல பேஷன்ட் இருக்காங்களான்னு உங்க கண்ணால பாருங்க, ஏன்னா பேஷன்ட் இல்லாத ஆஸ்பத்திரில நர்சிங் படிக்க முடியாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டா வெரிஃபை பண்ணிட்டு கையோட திருப்பித் தரச் சொல்லுங்க, முடியாதுன்னா அந்தக் காலேஜ் வேண்டாம்.

கேள்வி: பி.எஸ்சி முடிச்சு குன்னூர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரில சேர்ந்திருக்கேன் சிஸ்டர். நைட் டூட்டில ஃப்ளோர் முழுக்க நான் ஒருத்திதான். ஒரு சுகர் பேஷன்ட் பாட்டி ராத்திரி ஒண்ணும் சாப்பிடலை, ரெண்டு தடவை வாந்தி. டாக்டருக்கு போன் பண்ணினா "வழக்கமா போடற இன்சுலினைப் போட்டுடும்மா"ன்னு சொல்லி வெச்சுட்டார். எனக்குக் கை நடுங்கிடுச்சு. டாக்டர் சொன்னதை நர்ஸ் மறுக்கலாமா?
– ஸ்டாஃப் நர்ஸ், குன்னூர்

பதில்: கை நடுங்கினது நல்லதுக்குத்தான் கண்ணு, நாலு வருஷம் ஒழுங்கா படிச்சவளுக்குத்தான் அந்த இடத்துல நடுங்கும். மறுக்கலாமான்னு கேட்டா, சந்தேகம் தீர்ற வரைக்கும் மருந்தை நிறுத்தி வெச்சுட்டு திரும்பக் கேக்கலாம், கேக்கத்தான் வேணும், அதுவும் உன் டூட்டிதான். "டாக்டர் சொன்னாரு, போட்டேன்"ங்கிறது பதிலாகாது, ஊசி போட்ட கை உன்னோடது. அதே சமயம் நீயா முடிவு பண்ணி இன்சுலினை அப்படியே விட்டுடவும் கூடாது, சில பேருக்கு சுத்தமா நிறுத்தினா ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறி வேற ஆபத்துல கொண்டு போய் விட்டுடும்.

மொதல்ல க்ளூக்கோமீட்டர்ல சுகர் பாரு. நம்பர் கையில இல்லாம போன் பண்ணினா தூக்கத்துல இருக்கிற டாக்டர் வழக்கமா சொல்றதைத்தான் சொல்வார். போன்ல இப்படிச் சொல்லு: "சார், ரெண்டாவது ஃப்ளோர் ஸ்டாஃப் பேசறேன், அஞ்சாம் பெட் பாட்டி, சாப்பிடவே இல்லை, ரெண்டு வாந்தி, இப்போ சுகர் இவ்வளவு, பிபி இவ்வளவு, முழு டோஸ் போட்டா இறங்கிடுமோன்னு பயமா இருக்கு, எவ்வளவு போடட்டும்?" அவர் சொன்னதைத் திருப்பி நீ ஒரு தடவை சொல்லி, அவர் ஆமான்னதும் டைம் போட்டு ஷீட்ல எழுது, காலைல ரவுண்ட்ஸ் வரும்போது சைன் வாங்கு. சுகர் 70க்குக் கீழே இருந்தா இன்சுலின் பேச்சே வேண்டாம், உடனே க்ளூக்கோஸ் ஏத்தறதுக்கு ஆர்டர் கேளு.

இன்னொண்ணு, சிரிஞ்சைப் பாரு. சிவப்பு மூடி சிரிஞ்சு ஒரு மில்லிக்கு 40 யூனிட் வயலுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. இன்சுலின் பென் கார்ட்ரிட்ஜ்ல இருக்கிறது ஒரு மில்லிக்கு 100 யூனிட் மருந்து, அதை அவசரத்துக்கு சிவப்பு மூடி சிரிஞ்சுல 20ன்னு இழுத்தா உள்ள போறது 50 யூனிட், ரெண்டரை மடங்கு. ராத்திரி தனியா இருக்கிறப்போ இதைச் சரிபார்க்க இன்னொரு கண்ணு இருக்காது, அதனாலதான் ஒரு ஃப்ளோரை ஒரே பொண்ணு தலையில கட்டுற ஆஸ்பத்திரிங்க மேல எனக்குக் கோபம் வருது. இன்-சார்ஜ்கிட்ட எழுத்துல குடு, உன்கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் சேர்ந்து சைன் போட்டுக் குடுங்க.

கேள்வி: நான் பையன், ஜிஎன்எம் படிக்கலாமா? ஊர்ல கிண்டல் பண்றாங்க.
– ப்ளஸ் டூ மாணவன், கொடைக்கானல்

பதில்: தாராளமா படி தம்பி. ஏஎன்எம் மட்டும்தான் பெண்களுக்கு, ஜிஎன்எம்மும் பி.எஸ்சியும் உனக்கும் உண்டு, அரசுப் பள்ளில படிச்சிருந்தா தமிழ்ப்புதல்வன் திட்டத்துல உனக்கும் மாசம் 1000 வரும். ஒண்ணு மட்டும் சொல்றேன், வார்டுக்குப் போனதும் உன்னைப் பேஷன்ட்டைத் தூக்குறதுக்கும் சிலிண்டர் தள்ளுறதுக்குமே கூப்பிடுவாங்க, அதையும் செய், ஆனா மருந்து, சார்ட், கேஸ் ஷீட்டுன்னு மத்தவங்களுக்குச் சொல்லித்தர்ற எல்லாத்தையும் கேட்டுக் கத்துக்கோ.

கேள்வி: ஜிஎன்எம் ஃபைனல் இயர் படிக்கிறேன் மேடம். போஸ்டிங் போன வார்டுல பணியர் பழங்குடிச் சமூகத்துப் பொண்ணு ஒருத்தி சிக்கிள் செல்ங்கிற ரத்த நோய் வலியோட அடிக்கடி வர்றா. "இவ ஊசிக்காகவே வர்றா, மெதுவா போடலாம்"னு சீனியர் சொல்றாங்க. எனக்கு மனசு கேக்கலை.
– மாணவி, ஊட்டி

பதில்: உன் மனசு சொல்றதுதான் சரி பாப்பா. இந்தியாவுல சிக்கிள் செல்லை முதன்முதலா கண்டுபிடிச்சதே 1952ல, நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான். இத்தனை வருஷம் கழிச்சும் இந்த மலையிலேயே அந்த வலியை நடிப்புன்னு சொன்னா ரொம்ப வேதனையா இருக்கு. வட்டமா இருக்க வேண்டிய ரத்த அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு சின்ன ரத்தக்குழாயை அடைச்சுடும், அதுக்குப் பின்னாடி ரத்தம் போகாத எலும்பு வலிக்கும். வெளிய பாத்தா காயம் இருக்காது, பல சமயம் வீக்கம்கூட இருக்காது. குளிர் பட்டாலும் தண்ணி குறைஞ்சாலும் வலி கிளம்பும், ஊட்டி டிசம்பர் பனில அவ அடிக்கடி வர்றதுக்குக் காரணம் தேடவே வேண்டாம்.

வலியோட வந்தவங்களுக்கு அரை மணி நேரத்துக்குள்ள வலி மருந்து போயிருக்கணும், அப்புறமும் வலி அடங்குற வரைக்கும் அரை மணிக்கு ஒரு தடவை வலி எவ்வளவு இருக்குன்னு கேட்டு எழுதணும். ஐஸ் பேக் வைக்கவே கூடாது, கம்பளி போர்த்தி விடு, குடிக்க வெதுவெதுப்பா தண்ணி குடுத்துட்டே இரு. காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஆக்சிஜன் 95க்குக் கீழே, இதுல எது வந்தாலும் அதை வெறும் வலின்னு விடாதே, தொற்றோ நுரையீரல் பாதிப்போ இருக்கலாம், உடனே டாக்டரைக் கூப்பிடு. இந்த வலி அடிக்கடி வராம குறைக்கிற ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைத் தினமும் சாப்பிடறாளா, மாத்திரை தீர்ந்து போச்சா, வாங்க பஸ் காசு இருக்கான்னும் கேளு, அடிக்கடி வர்றதுக்குப் பதில் பாதி அங்கேயே கிடைக்கும்.

கூடலூர்ல அஸ்வினி அமைப்பு 1990ல ஆரம்பிச்ச ஆதிவாசி மருத்துவமனையில அந்தச் சமூகத்துப் பொண்ணுங்களையே நர்ஸா பயிற்சி குடுத்து வெச்சிருக்காங்க, முடிஞ்சா உங்க ட்யூட்டர்கிட்ட சொல்லி பேட்சா ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வாங்க. சீனியர்கிட்ட சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த தடவை அந்தப் பொண்ணு வந்ததும் வந்த டைம், வலி பத்துக்கு எத்தனை, டாக்டருக்குச் சொன்ன டைம், மருந்து போட்ட டைம் நாலையும் சார்ட்ல எழுதி ஸ்டாஃப்கிட்ட கையெழுத்து வாங்கு, டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்போ அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சுட்டு பெட் பக்கத்துலயே நில்லு.