கணக்குத் தெரியாத கடைக்காரர்களுக்காக வரும் கணக்கு ஆப்களை அக்கவுன்டன்ட்கள் ஏன் மட்டமாகப் பேசுகிறார்கள்?

பாதிக்கு மேல் பழக்கதோஷம்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் சில ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், அதனால் எங்கள் ஆட்களைப் பற்றித் தைரியமாகச் சொல்லலாம்.

எங்கள் விரல் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு ஊறியது. எஃப்5 பேமென்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ் என்று திரையைப் பார்க்காமலே தட்டுவோம். 'பணம் வந்தது, பணம் போனது' என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டும் ஆப்பைப் பார்த்ததும், டெபிட் கிரெடிட் எங்கே என்று முகம் சுளிப்போம். அது கடைக்காரர் கண்ணில் பட வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே ஒவ்வொரு வரவுசெலவையும் டெபிட், கிரெடிட் என்று இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு ஓடி, நாங்கள் கேட்கும்போது இரண்டும் சமமா என்று காட்டும் ட்ரையல் பேலன்ஸ் வந்தால் போதும். இன்னொன்று, ஆப்பில் விற்ற நிமிஷமே பில் ஏறிவிடுகிறது. மற்ற கடைகளில் பில்லெல்லாம் மஞ்சப்பையில் கிடந்து, மாத விற்பனையை அரசுக்குச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 11ஆம் தேதி நெருங்கும்போதுதான் எங்கள் கைக்கு வரும்.

ஆனால் நியாயமான பயம் ஒன்று இருக்கிறது. எம்.சி. ரோட்டில் நைட்டி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர். வெளியூர் பார்ட்டி, சாயம் போகிறது என்று கொஞ்சம் சரக்கைத் திருப்பி அனுப்பினார். கல்லாவில் இருந்த பையன் போன மாத பில்லைத் திறந்து, பீஸ் எண்ணிக்கையைக் குறைத்து சேவ் செய்துவிட்டான். ஆப் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த பில்லோ ஜிஎஸ்டிஆர்-1இல் போய், பார்ட்டி வாங்கியதை ஜிஎஸ்டி போர்ட்டல் அவருக்குக் காட்டும் 2பி பட்டியலில் ஏறி, வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டும் அவர் எடுத்தாயிற்று. பழைய பில்லைத் தொடாமல், திரும்பி வந்த சரக்குக்குத் தனியாகக் கிரெடிட் நோட் போட்டிருக்க வேண்டிய இடம் அது.

"சரக்குதான் திரும்பி வந்துடுச்சே சார், பில்லைக் கொறைச்சா என்ன தப்பு?" என்றார் அண்ணன். வியாபாரியாக அவர் கேட்டது சரி. புத்தகத்துக்கும் போர்ட்டலுக்கும் எங்கே இடிக்கிறது என்று தேடியே எனக்கு ஒரு சாயங்காலம் போனது.

டேலியிலும் பழைய வவுச்சரைத் திருத்தலாமே என்பீர்கள். திருத்தலாம்தான். எதை யார் எப்போது மாற்றினார் என்ற தடம் அழியாத மென்பொருள்தான் வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். தனி ஆள் நடத்தும் கடைக்கு அந்த விதி கிடையாது, நாம்தான் பார்த்து வாங்க வேண்டும்.

மகள் காலேஜ் ஃபீஸுக்குக் கல்லாவிலிருந்து எடுத்ததைச் செலவிலும், மச்சான் கொடுத்த கைமாத்தை வருமானத்திலும் போட்டு வைப்பது தனிக்கதை. அதை வருஷக் கடைசியில் நாங்கள் திருத்திக்கொள்வோம்.

வாங்கும் முன் டெமோவில் போன மாதத் தேதியிட்டு ஒரு பில் போட்டு, அதை அழித்துப் பாருங்கள். தடுக்க வேண்டும், இல்லை தடமாவது வைக்க வேண்டும். அண்ணன் கடையில் இன்றும் அதே ஆப்தான். மாதத்தைப் பூட்டும் வசதி செட்டிங்கில் எங்கோ மூலையில் அணைத்துக் கிடந்தது. இப்போது ரிட்டர்ன் போட்டதும் பூட்டிவிடுகிறோம். பாஸ்வேர்டு என்னிடம் இருப்பதில் பையனுக்கு இன்னும் கோபம்.