குதிரைக்காரன் ஏன் மன்னிக்க வேண்டும்?

கேள்வி: மாயக்கதை நாவல் ஒன்று எழுதி வருகிறேன். குறுநில மன்னனின் இளைய மகன், தன் தீச்செயல்களின் பயனாக மூன்று ஆண்டுகளில் கழுவேற்றப்படப் போவதை ஓர் ஓலைச்சுவடியில் படித்துவிட்டுத் திருந்த முயல்கிறான். முதல் ஐந்து இயல்களை இணைத்துள்ளேன். அவன் திருந்தியதும் கதை சப்பென்று ஆகிவிடுவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அவன் விதியை வென்றதாக முடிப்பதா, தோற்றதாக முடிப்பதா? குதிரைக்காரனுக்கு மட்டும் எங்கள் பகுதிப் பேச்சைக் கொடுத்திருக்கிறேன், அது சரிதானா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடிவைப் பிறகு பார்ப்போம்; கோளாறு ஐந்தாம் இயலிலேயே இருக்கிறது. இரண்டாம் இயலில் குதிரைக்காரனைச் சவுக்கால் விளாசிய இளவரசன் ஐந்தாம் இயலில் மன்னிப்புக் கேட்கிறான். கேட்ட மாத்திரத்தில் குதிரைக்காரன் கண்ணீர் மல்கக் காலில் விழுகிறான். அவன் ஏன் மன்னிக்க வேண்டும்? பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் குடியை விட்டு ஓராண்டு ஆன பிறகும், மளிகைக் கடைக்காரர் அவர் பெயரில் கடன் எழுத நோட்டைத் திறக்கவில்லை. அவர் வந்து நின்றால் முதலில் கையில் பணம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். உங்கள் இளவரசன் குதிரையின் பிடரியைத் தடவக் கையை உயர்த்தும்போது, குதிரைக்காரன் தன்னையறியாமல் முகத்தைத் திருப்பித் தோளைக் குறுக்கிக்கொள்ளட்டும். அதைக் கண்டபின் இளவரசன் என்ன செய்கிறான் என்பதை எழுதுங்கள், சப்பென்று ஆகாது.

இரண்டாவது குறை, அந்த ஓலைச்சுவடிக்குப் பின்னால் மனிதர் எவரும் இல்லாதது. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்னும் சிலப்பதிகாரத்தில் ஊழுக்கு ஒரு முகம் உண்டு. முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்து அரசுப் பணியில் இருந்த கோவலன், அங்கே அணிகலன் விற்க வந்த சங்கமனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான் என்றும், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறவியில் பலித்தது என்றும் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. கொலைக்களக் காதையில் கோவலன் தன் பிழைகளை எண்ணிக் கண்ணகியிடம் மனம் நொந்து பேசுகிறான். அந்த வருத்தம் நீலியின் கணக்கைத் தீர்க்கவில்லை. உங்கள் கதையில் நீலி யார்?

திருந்தியவனிடம் என்ன மிச்சமிருக்கும் என்று அறிய, திருவொற்றியூர்க் கடற்கரைக்கு ஒரு மாலை போய்வாருங்கள். பட்டினத்தார் சமாதி உங்களுக்கு ஒரு பேருந்து தூரம்தான். அவர் திருடாத மாலைக்காக அவரைக் கழுவேற்ற ஆணையிட்ட பத்திரகிரி மன்னன், கழுமரம் தீப்பற்றி எரிந்ததைக் கண்டு நாட்டைத் துறந்து அவர் பின்னாலேயே போனான் என்பது வழிவழியாக வரும் கதை. நாடு போயிற்று, பிச்சை ஓடு ஒன்றும் நாய் ஒன்றும் ஒட்டிக்கொண்டன. அவற்றை வைத்துக் குரு தன்னைச் ‘சம்சாரி’ என்று சுட்டியதாகக் கேள்விப்பட்டதும் ஓட்டை வீசியெறிகிறான். அது பட்டு நாய் செத்துப்போகிறது. துறவு என்று மற்றவர்கள் மெச்சும் அந்த வீச்சில் எனக்கு இன்னும் அரசனின் கைதான் தெரிகிறது. உங்கள் இளவரசனின் கையிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும்.

முடிவைப் பொறுத்தவரை, ஊழைவிட வலிமையானது எது என்று 380ஆம் குறளில் கேட்ட வள்ளுவரே, தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்று 620ஆம் குறளில் சொல்லியிருக்கிறார். நீங்கள் எந்தப் பக்கமும் போகலாம். ஆனால் தப்பிக்கும் வழி இளவரசனுடைய பழைய குணத்தில் இருக்கட்டும்: குதிரைக்காரன்மேல் பொய்ப்பழி போட்டால் கழுமரம் விலகும் என்ற நிலையில் அவனைக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

பேச்சு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. அரண்மனை முழுதும் செந்தமிழ் பேச, குதிரைக்காரன் மட்டும் ‘இன்னா சாமி’ என்று பேசுவது, நம்மை நாமே லாயத்தில் கட்டிவைப்பது. இளவரசனை வளர்த்த செவிலி குதிரைக்காரனின் தாய்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோபம் வரும்போது இளவரசன் வாயிலும் ‘இன்னா’ வரலாமே! ஐந்தாம் இயலைத் திருத்தி அனுப்புங்கள். சவுக்கடி இயலில் மட்டும் கைவைக்காதீர்கள். அது நன்றாக வந்திருக்கிறது.