பானைக்குள் கைவிட்ட சிறுவன்: சிறார் வரலாற்று மர்மக் கதைகள் பற்றிச் சில கேள்வி பதில்கள்

பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வரலாற்று மர்மக் கதை எழுத முயல்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியர்: சோழர் காலக் கதை ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வயது இளவரசன்தான் நாயகன். சரியாக வருமா அம்மா?

வரும், ஆனால் சிரமப்படுவீர்கள். இளவரசன் எங்கே போனாலும் பின்னால் நாலு பேர் போவார்கள். ஆபத்து என்றால் காவலர்கள் ஓடிவருவார்கள். துப்பறிய வேண்டிய பிள்ளை, பெரியவர்கள் கண்டுகொள்ளாத பிள்ளையாக இருக்க வேண்டும். அப்படி ஒருவன் கல்வெட்டிலேயே நிற்கிறான்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. குடவோலைத் தேர்தலைப் பாடப் புத்தகத்தில் எல்லாரும் படித்திருப்போம். அதைக் கதைக்காரர் கண்ணோடு மறுபடி படியுங்கள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருக்கிறது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் இடுகிறார்கள். சபை முழுவதும் கூடியிருக்க, நம்பிமாரில், அதாவது கோயில் அர்ச்சகர்களில், முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு ஓலைக்கட்டு ஒன்றை எடுக்கிறான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, மறுபடி அவனே ஓர் ஓலையை எடுத்துத் தருகிறான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். அவன் வாசித்த பிறகு நம்பிமார் அத்தனை பேரும் வாசிக்க வேண்டும்.

விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? ஓலையை மாற்றிவிடக் கூடாது என்றுதான். ஆகவே உங்கள் மர்மம் தயாராக இருக்கிறது: இத்தனை காவலையும் மீறி ஓலை எப்படி மாறியது? நோக்கத்தையும் கல்வெட்டே தருகிறது. வாரியத்தில், அதாவது ஊர்க் காரியங்களைக் கவனிக்கும் குழுவில், உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன் என்று உறவு முழுவதற்கும் தடை. ஒருவர் கணக்கை மறைத்தால் ஒரு கிளையே சங்கடத்தில் மாட்டும்.

இன்னொன்று. முதல் கல்வெட்டு 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அடுத்தது 921. முதலாவது வயது வரம்பை 30 முதல் 60 என்கிறது, அடுத்தது 35 முதல் 70 என்கிறது. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் உங்கள் கதையை வையுங்கள். பானைக்குள் கைவிட்டவன் பெயரைக் கல்வெட்டு சொல்லவில்லை. அதையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

கோவை வாசகர்: சுரங்கப்பாதை வைக்கலாமா?

ஒன்று. ஒன்றே ஒன்று.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: என் கதையில் ராஜராஜன் காலத்துச் சிறுவன் தக்காளி ரசம் குடிக்கிறான். நண்பர் சிரித்துவிட்டார். இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

தெரியும். தெரியாத பிள்ளைக்கு வகுப்பில் ஒரு தோழி சொல்லிவிடுவாள், அத்தோடு உங்கள் கதை மீதுள்ள நம்பிக்கை போய்விடும். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள். 1498இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகுதான் நம் பக்கம் வந்து சேர்ந்தன. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி என்று எழுதினால் போதும். "ஐந்து நிமிடத்தில்" என்பதும் உதவாது. நாழிகைக் கணக்குக்குப் போங்கள்: நாளுக்கு 60 நாழிகை, ஒன்று 24 நிமிடம்.

இவற்றைத் தடையாக நினைக்காதீர்கள். உரசினால் பற்றும் தீக்குச்சி 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆகவே உங்கள் சிறுவனின் கையிலுள்ள தீப்பந்தம் அணைந்தால் அணைந்ததுதான். சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பற்றவைக்க முடியாது, சட்டைப்பையே கிடையாது. அந்த இருட்டில் ஓர் அத்தியாயம் ஓடும்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ரகசியச் செய்திக்கு எண் சங்கேதம் வைத்தேன். செயற்கையாக இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும், எங்கிருந்தோ இரவல் வாங்கியது போல. பழைய ஓலையே ஒரு சங்கேதம்தான். சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளியும் கிடையாது. "கலமெல" என்று ஓர் ஓலையில் இருந்தால் "கல்மேல்" என்றும் படிக்கலாம், "கலமேல்" என்றும் படிக்கலாம். திருடன் கல்லைத் தேடி மலைக்குப் போகிறான், உங்கள் நாயகி கலத்தைத் தேடித் துறைமுகத்துக்குப் போகிறாள். வாசிக்கிற பிள்ளையும் தாளை எடுத்து எழுதிப் பார்க்கும்.

மதுரையிலிருந்து இரண்டு தாய்மார்கள்: பெண்பிள்ளைகள் நாயகியாக வரும்படி சோழர் காலத்தில் ஏதாவது உண்டா?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் இருக்கிறது. ஆடல் கலைஞர்கள். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தளிச்சேரித் தெருவில் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவர் பெயரோடும் வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தெருவின் முகவரிப் புத்தகம் என்றே சொல்லலாம். அந்தத் தெருவில் வளரும் ஒரு பெண்ணுக்கு எந்த வீட்டில் யார் இருக்க வேண்டும் என்று தெரியும். ஆகவே ஒரு வீட்டில் வேறு யாரோ இருந்தால் முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

கும்பகோணத்திலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்: அரசர்கள் அலுத்துவிட்டார்கள். வேறு காலம் சொல்லுங்களேன்.

உங்களைப் போன்றவருக்கு என்றே ஒன்று வைத்திருக்கிறேன் ஐயா. 1802இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நிலமளக்கத் தொடங்கினார். தூரத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். காவிரிச் சமவெளியில் ஏறி நின்று பார்க்கக் குன்று இல்லை, எங்கும் தென்னை. அதனால் கோயில் கோபுரங்களின் மேல் ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் அதை நிமிர்த்தினார்.

கயிறு தானாக அறுந்ததா? ஒரு கதைக்கு இது போதும். கயிறு இழுத்த கூட்டத்தில் ஒரு பையனை நிறுத்துங்கள். எடை, கப்பி, கோணம் எல்லாம் துப்புகளாக வரும், கணக்குப் பாடம் என்று யாரும் முனகமாட்டார்கள். ஒரே எச்சரிக்கை: பதிவில் இருப்பது விபத்து. சதி என்று நீங்கள் எழுதினால் சதிகாரர் உங்கள் கற்பனை ஆளாக இருக்கட்டும். நிஜமாக வாழ்ந்த எவர் தலையிலும் பழியைப் போடாதீர்கள். எது நடந்தது, எது புனைந்தது என்று கடைசிப் பக்கத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இருபதாம் நூற்றாண்டு வேண்டுமென்றால், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த நிகழ்ச்சி இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: கொலை வரலாமா?

வரலாம், பக்கத்துக்கு வெளியே. திருட்டும் ஆள்மாறாட்டமும் காணாமல் போவதும் இந்த வயதுக்குப் போதுமான திகில்.

பன்னிரண்டு வயது வாசகன், புதுச்சேரி: அக்கா, நானும் ஒரு கதை எழுதுகிறேன். புதையல் கிடைத்த பிறகு அவர்கள் அதை என்ன செய்ய வேண்டும்? பங்கு போட்டுக்கொள்ளலாமா?

கூடாது தம்பி. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கதையில் இதை ஒரு சிக்கலாகவே வைக்கலாம். கலெக்டருக்குச் சொல்லலாம் என்று ஒருவன், வேண்டாம் என்று இன்னொருவன்.

உன் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. அரிக்கமேட்டில் பிள்ளைகள் பொறுக்கி வந்த மணிக்கற்களை ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் வாங்கினார். 1937இல் கிடைத்த செதுக்குக் கல் ஒன்றில் இருந்த முகத்தை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் அடையாளம் கண்டார். ஆனால் அந்த இடத்தின் காலத்தை உறுதி செய்ய உதவியது அழகான மணி இல்லை. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியின் அரெஸ்ஸோ பகுதிப் பானை ஓடுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்று ஏற்கெனவே தெரியும். ஆகவே அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கிடைத்துவிட்டது. உன் திருடன் மணியை எடுத்துக்கொண்டு ஓடட்டும். ஓட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவள் வழக்கை முடிக்கட்டும். அவள் அதை எந்த அடுக்கிலிருந்து எடுத்தாள் என்று எழுதி வைத்திருக்க வேண்டும், மறக்காதே.

திருவள்ளூரிலிருந்து ஒரு தந்தை: உத்திரமேரூருக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக நினைக்கிறோம். எழுத்துகள் கண்ணுக்குத் தெரியுமா?

உச்சி வெயிலில் மங்கலாகத்தான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். நிழலான இடத்தில் டார்ச் விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் வெட்டு மேலெழுந்து நிற்கும். சுண்ணக்கட்டி தேய்ப்பது, எண்ணெய் பூசுவது இரண்டும் வேண்டாம்.