2017 மாடல் டீசல் ஸ்விஃப்ட், 62,000 கி.மீ. ஓடியது. வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

62,000 என்ற எண்ணைக் கேள்வியிலேயே போட்டிருக்கிறீர்கள். முதலில் அதை நம்புவதை நிறுத்துங்கள். பெட்ரோலைவிடக் கூடுதல் விலை கொடுத்து டீசல் எடுத்தவர் வண்டியை வீட்டில் நிறுத்தி அழகு பார்த்திருக்க மாட்டார். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டராவது ஓடினால்தான் அந்தக் காசு கட்டுப்படியாகும். 62,000 உண்மையாகவும் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. உண்மையாகவே இருந்தாலும் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று மூன்று கிலோமீட்டர் ஓடி ஓடி நிற்கும் டீசல் எஞ்சின் முழுச் சூட்டுக்கே வராது. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்விலும், காற்று உள்ளே போகும் இன்டேக்கிலும் கரி அப்பிக்கொள்ளும். பைபாஸில் 1,30,000 ஓடி, 10,000-க்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றிய வண்டி அதைவிட எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, வரட்டும்.

மீட்டரைச் சரிபார்க்க வழி இருக்கிறது. வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாறு கேளுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று அதில் இருக்கும். நடுவில் சில ஆண்டுகள் காணாமல் போயிருந்தால், அந்த இடைவெளியில் மீட்டரைத் திருப்பியிருக்கலாம். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3822 என்றால் 2022ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் தயாரித்தது. இப்போது ஓடுவது மூன்றாவது செட் என்று தெரிந்தால், 62,000-க்குள் அதைப் போட வேண்டிய அவசியம் என்ன? கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தாலும், புத்தம் புதிதாக மாட்டியிருந்தாலும், இரண்டுமே சந்தேகம்தான்.

இனி எஞ்சின். இந்த ஸ்விஃப்டில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட். டாடா, ஷெவர்லே என்று பல கம்பெனி வண்டிகளிலும் இதே எஞ்சின் ஓடியது. 2020இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆனாலும் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை, வேலை தெரிந்த கையும் எல்லா ஊரிலும் உண்டு. குறை எங்கே என்றால், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின். பெல்ட் இல்லை, செயின்தானே, ஆயுசுக்கும் வரும் என்பார்கள். ஆயில் ஒழுங்காக மாற்றினால் வரும். எஞ்சினில் இருப்பதே மூன்று லிட்டர் சொச்சம் ஆயில். அதை 20,000 வரை இழுத்தடித்தால் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்து செயின் தளரும். ஒரு பல் தாண்டினால் ராக்கர் ஆர்ம் உடையும், வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும்.

செயின் சத்தம் கேட்பது குளிர்ந்த எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்யும்போதுதான். அதனால் காலை ஏழு மணிக்கே வருவதாகவும், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் விற்பவரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திரும்பிவிட்டு வேறொரு நாள் போங்கள். சாவியைப் போட்டு, சுருள் வடிவ ஹீட்டர் லைட் அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள். ஓரிரு விநாடியில் பிடிக்க வேண்டும். பிடித்த உடனே முன்பக்கத்தில் சங்கிலி உரசுவது போன்ற கரகர சத்தம் வந்து, ஓரிரு விநாடியில் அடங்கினாலும் விலையில் பேச வேண்டிய விஷயம். அடங்காமல் தொடர்ந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அதே நேரத்தில் இன்னொருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் எரியாத டீசல் வருகிறது, அல்லது கூலன்ட் உள்ளே போகிறது. நீலம் கலந்த புகை என்றால் ஆயில் எரிகிறது: டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) சீல், வால்வு சீல், பிஸ்டன் ரிங் மூன்றில் ஒன்று. ரேஸ் பண்ணும்போது கரும்புகை கக்கினால், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அல்லது இஜிஆர். அடைத்துப்போன ஏர் ஃபில்டராலும் வரும், அதையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆயில் ஸ்டிக்கை உருவினால் ஆயில் கருப்பாக இருக்கும். டீசலில் ஆயில் மாற்றிக் கொஞ்ச நாளிலேயே கருத்துவிடும், அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் காபி நுரை போல வெளிறிய பசை இருக்கிறதா, தார் போல் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், புகை குபுகுபுவென்று தள்ளினால், பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது அழுத்தம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது. ‘எல்லா டீசலிலும் கொஞ்சம் புகை வரும்’ என்று உடனே ஒருவர் சொல்வார். வரும், மறுக்கவில்லை. எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் பிரீதர் பைப் அடைத்திருந்தாலும் இப்படித் தள்ளும். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இன்ஜெக்டர். புதிதாக வாங்கினால் ஒன்றே ஐந்து இலக்கத்தில் வரும், இதில் நான்கு. அடியில் உள்ள செப்பு வாஷர் போயிருந்தால் ‘சஃப் சஃப்’ என்று காற்றுக் கசியும், சுற்றிலும் கருந்தார் படியும். ஆரம்பத்திலேயே பார்த்தால் வாஷரோடு போகும். விட்டால் இன்ஜெக்டர் ஹெட்டிலேயே இறுகிவிடும். மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி நான்கு பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓடவிட்டால் நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவு சேர வேண்டும். ஒன்றில் மட்டும் சட்டென்று ஏறினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஸ்கேனர் மாட்டி ரெயில் பிரஷரையும், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தையும் பாருங்கள். ஐடிலில் சுமார் 250 முதல் 350 பார் காட்டும். எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்கும் அளவும் கிடைக்கும் அளவும் ஒட்டிப் போகிறதா என்பதுதான் முக்கியம். கோளாறு கோடு (fault code) அழித்தபின் ஓடிய தூரம் என்று ஸ்கேனரில் ஒரு வரி இருக்கும். அது 10 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்காகவே யாரோ துடைத்துவைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்ய ஒரு மெக்கானிக்குக் காலைப் பொழுது முழுக்கப் போகும். புரோக்கருக்குக் கேட்ட கமிஷனை முகம் சுளிக்காமல் கொடுப்பவர்கள், கூட வந்த மெக்கானிக்குக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ‘சும்மா ஒரு எட்டு வந்து பாருங்கண்ணே’ என்றால் அவரும் சும்மாதான் பார்ப்பார். வண்டி எடுத்த மாதமே டர்போ போனால் திட்டு மட்டும் அவருக்கு. கூலியை முன்னாடியே பேசிக் கையில் கொடுத்து, குறை சொல்லத்தான் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

டர்போவுக்கு, ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி உள்ளே தெரியும் டர்போ சக்கரத்தை விரலால் ஆட்ட வேண்டும். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் ஆடக் கூடாது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு சகஜம், தேங்கி நின்றால் சீல் போச்சு. கிளட்சுக்கு, நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் முடிந்தது.

2020-க்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் பார்ப்பவர்களுக்கு டிபிஎஃப், அதாவது சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், தனித் தலைவலி. சைலன்சர் வாயில் விரலை விட்டால் கரி அப்பக் கூடாது. அப்பினால் ஃபில்டர் உடைந்திருக்கிறது, இல்லையென்றால் கழற்றப்பட்டிருக்கிறது. ஸ்டிக்கில் ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் டீசல் இறங்கிக் கலந்திருக்கிறது.

2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, நெல்லையிலும் மூழ்கிய வண்டிகள் இன்னும் சந்தையில் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில் போல்ட் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல், ஃபியூஸ் பாக்ஸில் பச்சை படிந்த பின் இருந்தாலும் விட்டுவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஏர் இன்டேக் வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம். வளைந்த ராட் கொஞ்ச நாள் ஓடிவிட்டுத்தான் எஞ்சின் பிளாக்கைக் கிழிக்கும்.

ஆர்சி டெல்லிப் பக்கத்து எண்ணா என்றும் பாருங்கள். அங்கே பத்து ஆண்டு கடந்த டீசலுக்குக் கெடுபிடி வந்ததிலிருந்து மலிவாகத் தெற்கே வந்துகொண்டிருக்கின்றன. விலை குறைவுதான், ஆனால் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசியும் (ஆட்சேபமில்லாச் சான்று) இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்ந்தால் லாபம் கரைந்துவிடும். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. ஆர்சியில் கடன் பதிவை நீக்கும் பாரம் 35-உம் வங்கியின் என்ஓசியும் கைக்கு வந்த பிறகு, பெயர் மாற்றத்துக்கான பாரம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.