மட்டக்களப்பு டவுனிலிருந்து பிள்ளைகளோடு குறைந்த செலவில் ஒரு நாள் தூண்டில் போட எங்கே போகலாம்?

7, 10 வயதில் இரண்டு பிள்ளைகள், ஒரே நாளில் போய்வர வேண்டும், படகு எடுத்தால்தான் மீன் படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படகு வேண்டாம். இப்படியான பயணத்தில் பெரிய செலவே படகுக் கூலிதான். பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலத்தில் அலுத்துவிடும், கூலி கொடுத்துவிட்டோமே என்று நீங்கள் வெயிலில் இருப்பீர்கள். வாவிக் கரையில் நின்றே கீளி, ஓரா, கெளிறு, திலாப்பியா பிடிக்கலாம். விடியப்புறம் போனால் சின்னக் கொடுவாவும் படும்.

முதல் தடவைக்கு மண்முனைப் பாலத்தடியைத்தான் சொல்வேன். 2014இல் பாலம் திறந்த பிறகு போய்வருவது சுலபம். முகத்துவாரத்திலிருந்து தள்ளியிருப்பதால் தண்ணீரில் உப்புக் குறைவு, திலாப்பியா அதிகம், அது பிள்ளைகளின் தூண்டிலுக்கு நன்றாக எடுக்கும். பாலத்தின் மேல் நிற்காமல் கரைக்கு இறங்குங்கள். கண்டல் வேரும் கட்டுவலைக் கம்பும் (வலை கட்டத் தண்ணீரில் நட்ட கம்பு) இல்லாத திறந்த இடமாகப் பாருங்கள். அங்கே தொழில் செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டால் முதலை நடமாடும் பக்கத்தையும் அவர்களே சொல்வார்கள். வாவியில் முதலை உண்டு, ஆகவே முழங்காலளவு தண்ணீரில்கூடப் பிள்ளைகளை இறங்கவிடக் கூடாது.

பாலமீன்மட்டில் வெளிச்சவீட்டுப் பக்கம் மீன் வகை கூட. ஆனால் முகத்துவாரத்து இழுவை பெரியவரையே சாய்த்துவிடும். அங்கே போனால் வாவிப் பக்கக் கரையோடு நில்லுங்கள். ஒலுவில் பக்கக் கடற்கரை பெரியவர்களுக்குச் சரி, அலையும் சரிவும் இந்த வயதுக்கு ஆகாது.

தூண்டில் கம்பும் றீலும் வாங்கத் தேவையில்லை. ஆளுக்கு 0.30 மி.மீ. தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) 20 மீற்றர், அதை ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலில் சுற்றுங்கள். (தங்கூசிக்குத் தடை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது தங்கூசி வலைக்கு, தூண்டில் நூலுக்கு அல்ல.) தூண்டில் முள் 10ஆம் நம்பர். நம்பர் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதைக் கடையில் நினைவில் வைத்திருங்கள். மீன் படவில்லை என்று சொல்பவர்களில் அநேகர் பெரிய முள் போட்டவர்கள். சிறு வாய் மீன் இரையை மட்டும் கொத்தித் தின்றுவிட்டுப் போகும். முள்ளின் எதிர்நாக்கை (முனைக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள், விரலில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வரும்.

கட்டும் முறை: நூலை முள்ளின் கண்ணில் விட்டு, நூலோடு நூலை ஐந்து ஆறு சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணுக்குப் பக்கத்து வளையத்தில் நுழைத்து, எச்சில் தொட்டு நனைத்த பிறகு இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலமிழக்கும், முடிச்சடியிலேயே அறும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே சிறு ஈயம், அதற்கு மேலே மிதப்பு. கரையோரம் ஆழம் குறைவு, மிதப்பிலிருந்து முள் வரை இரண்டடி விட்டுத் தொடங்கி, இரை தரையைத் தொடாமல் சரிபாருங்கள். தரையில் கிடந்தால் நண்டு அரிக்கும், பாசியில் சிக்கும்.

இரைக்குக் காலைச் சந்தையில் சிறு இறால் கால் கிலோ நான்கு பேருக்குப் போதும். கோதுரித்து, சுண்டுவிரல் நகமளவு துண்டு, முள் முனை மட்டும் மெல்லத் தெரியக் கோத்துவிடுங்கள். உப்புக் குறைந்த பக்கத்தில் மண்புழு அல்லது பிசைந்த பாண் இன்னும் மலிவு. மிதப்பு முதல் துடிப்புத் துடிக்கும்போதே பிள்ளைகள் இழுப்பார்கள். மிதப்பு அமிழ்ந்து ஒரு பக்கம் ஓடும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

காலை 5.45க்குக் கரையில் நில்லுங்கள், 9.30க்கு நூலைச் சுற்றிக்கொண்டு புறப்படுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறி மிதப்பு தெரியாமல் போகும். கார்த்திகை, மார்கழி மழைக்கு வாவி கலங்கி வெள்ளம் ஓடும்போது இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

பட்ட மீனை முள்ளிலிருந்து கழற்றுவது எப்போதும் பெரியவர் வேலை. கெளிற்றுக்கு முதுகில் ஒன்றும் இரண்டு பக்கத்தில் ஒவ்வொன்றுமாக மூன்று நச்சு முள். ஓராவின் செட்டை முள்ளும் அப்படித்தான். துணியால் அமர்த்திப் பிடித்துக் குறட்டால் கழற்றுங்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலமாவது ஊறவைத்தால் வலி இறங்கும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, மற்றக் கையால் சூடு பாருங்கள். அதற்காகவே ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் கட்டாயம். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரி. ஊதிப் பருக்கும் பேத்தை பட்டால் திரும்பத் தண்ணீரில் விடுங்கள், அதன் நஞ்சு எவ்வளவு சமைத்தாலும் போகாது.

மீனுக்கு ஐஸ் வாங்கவும் தேவையில்லை. முந்தின இரவு இரண்டு பெரிய போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, ரெஜிபோம் பெட்டியில் இடுங்கள். பட்ட மீனை உடனே அதற்குள் போடுங்கள். வாளித் தண்ணீரில் உயிரோடு வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் செத்து மெத்தென்றாகிவிடும். கெளிறும் ஓராவும் தவிர, உள்ளங்கைக்குச் சிறிய மீனைக் கை நனைத்துப் பிடித்துத் திரும்ப விடப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அந்த வேலைக்கு அவர்கள் அடித்துப்பிடித்து வருவார்கள். மிச்சமானதில் கீளியும் ஓராவும் பொரியலுக்கு, திலாப்பியா மாங்காய் போட்ட பாலாணத்துக்கு (தேங்காய்ப்பால் கறி).