மனச்சிதைவு: கையும் காலும் ஏன் மெதுவாகின்றன? – கேள்வி பதில்

மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் அசைவு வேகம் பற்றியும் புது வேலை பழகுவது பற்றியும் குடும்பத்தினர் கேட்டவற்றுக்கு, மறுவாழ்வுப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரின் பதில்கள்.

டாக்டர், அண்ணனுக்கு 27 வயது. சட்டை மாட்டவே அரை மணி நேரம் ஆகிறது. மாத்திரைதான் காரணம், நிறுத்து என்கிறார் அப்பா. நிறுத்தலாமா?

நான் டாக்டர் இல்லை, தெரபிஸ்ட்தான். ஆனாலும் சொல்கிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஹாலோபெரிடால் மாதிரி மருந்துகள் மூளையில் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பதால், பார்க்கின்சன் நோயில் வருவது போன்ற விறைப்பும் மந்தமும் வரலாம். ரிஸ்பெரிடோன் அளவு கூடினாலும் வரும். க்ளோசபினில் இது மிகக் குறைவு.

மீதிப் பாதி நோயைச் சேர்ந்தது. இந்த நோய்க்கான முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் பயன்பாட்டுக்கு வந்ததே 1952இல்தான். அதற்குப் பல வருடங்கள் முன்பே ஜெர்மன் மருத்துவர் க்ரேப்பலின் இந்த நோயாளிகளின் அசைவுக் கோளாறுகளை விவரித்திருக்கிறார். ஒரு மாத்திரைகூடப் போடாத புது நோயாளிகளிடமும் மந்தம் தெரிகிறது. பிரிட்டனில் 1946இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பின்னாளில் இந்த நோய் வந்தவர்கள் குழந்தையாக நடக்கத் தொடங்கியதே சராசரியாக ஒரு மாதத்துக்குச் சற்று மேல் தாமதம். (இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுக் குழந்தையைக் கணக்குப் பார்க்காதீர்கள். தாமதமாக நடந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் வருவதில்லை.)

நடக்கும்போது அண்ணனின் கை வீசுகிறதா, விரல் நடுங்குகிறதா, எச்சில் வழிகிறதா, எந்த மாத்திரை கூட்டிய பிறகு இப்படி ஆனது என்று குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். "சோம்பேறியாகிவிட்டான்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.

என் மகளைத் தையல் கற்கச் சேர்த்தேன். இவ்வளவு மெதுவாக இருப்பவளுக்குக் கை பழகுமா?

பழகும், அம்மா. சுழலும் தட்டில் நகரும் புள்ளியைக் குச்சியால் விடாமல் தொடும் சோதனை ஒன்று உண்டு. மனச்சிதைவு உள்ளவர்கள் அதில் கீழே இருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் பயிற்சி கூடக்கூட அவர்களும் முன்னேறுகிறார்கள். பல ஆய்வுகளில் மற்றவர்கள் முன்னேறும் அளவுக்கே. வேகம் குறைவு என்பதை வைத்துக் கற்கும் திறனை எடை போடக் கூடாது. பயிற்சி நிலையங்களில் தினமும் நடக்கும் தவறு இது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்து எண்கள் கொண்ட வரிசையை விரலால் திரும்பத் திரும்பத் தட்டும் சோதனையில், மற்றவர்கள் தூங்கி எழுந்ததும் கூடுதல் வேகம் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் மனோச், ஸ்டிக்கோல்ட் குழுவினர் பார்த்தபோது, மனச்சிதைவு உள்ளவர்களுக்கு அந்த இரவு லாபம் கிடைக்கவில்லை. தூக்கத்தில் மூளையில் எழும் 'ஸ்பிண்டில்' என்ற சிறு அலைகள் இவர்களுக்குக் குறைவு; அதோடு தொடர்பு இருக்கிறது.

அதனால் என் பழக்கம்: நேற்று படித்ததை இன்று காலை முதலில் செய்ய வைப்பேன், அப்புறம்தான் புதுசு. ஒரு நாளைக்கு ஒரே தையல். பக்கத்தில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்ல வேண்டாம். தையல் நேராக வரட்டும், வேகம் பிறகு பார்க்கலாம்.

நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையைக் கூட்டினால் சுறுசுறுப்பு வருமா?

மருந்தால் வந்த விறைப்பும் நடுக்கமும் குறையும். நோயால் வந்த மந்தத்துக்கு அதை நம்ப வேண்டாம். மறதியையும் அது கூட்டும், கற்பவர்களுக்கு அது நஷ்டம்.

கணவர் உட்காரவே மாட்டேன் என்கிறார், காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். இது நேர்மாறாக இருக்கிறதே?

மருந்தின் பக்க விளைவாக இருக்கலாம், அகதீசியா என்பார்கள். உள்ளுக்குள் பெரிய அவஸ்தை அது. அடுத்த மாதச் சீட்டு வரை காத்திருக்காதீர்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

பேச்சும் சாப்பாடும் நின்று, ஒரே நிலையில் மணிக்கணக்கில் உறைந்திருந்தால் அது கேட்டடோனியாவாக இருக்கலாம். லோரசபம் மருந்துக்குப் பலர் சீக்கிரமே தேறுகிறார்கள். கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், போடும் மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துக்கொண்டு.